கார் சீட் முதலில் ரோட்டுக்கு, அப்புறம்தான் விமானத்துக்கு

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவர். விசா இழுத்தடித்ததில் பாப்பாவுக்கு 20 மாதம் ஆகிவிட்டது, எடை பத்தரை கிலோ. அடுத்த மாதம் கணவர் அமெரிக்காவின் டல்லாஸிலிருந்து வந்து இருவரையும் அழைத்துப் போகிறார். "வரும்போதே கார் சீட் ஒன்று வாங்கி வந்துவிடுகிறேன், விமானத்தில் பாப்பாவுக்குத் தனி சீட் போட்டு அதில் உட்கார வைக்கலாம்" என்கிறார் அவர். கார் சீட் என்றால் காரின் இருக்கை மேல் கட்டிவைத்து, பிள்ளையைப் பட்டை போட்டு உட்கார வைக்கும் தனி இருக்கை. இவருடைய அப்பாவோ, "மடியில வெச்சுக்கிட்டுப் போனா ஆகாதா? உங்களையெல்லாம் எதுல வெச்சு வளத்தோம்?" என்கிறார். ரெண்டு வயசு நிறையாத பிள்ளைக்கு சீட்டுக்குக் காசு கொடுப்பது தண்டம் என்று பக்கத்து வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பெங்களூர் விமான நிலையத்தில் ஒன்பது வருடம் செக்-இன் கவுண்டரில் நின்றவன் நான். இப்போது கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வி மாதம் ரெண்டு தடவையாவது என் மேஜைக்கு வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கணவர் சொல்வது சரி. கார் சீட் வரட்டும். ஆனால் அவர் விமானத்தை நினைத்துச் சொல்கிறார். எனக்கு விமானத்தைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. கவலையெல்லாம் உங்கள் வீட்டு வாசலிலிருந்து பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வரைக்குமான ஏறக்குறைய 140 கிலோமீட்டர் ரோட்டைப் பற்றித்தான். டல்லாஸில் இறங்கின பிறகு வீடு வரைக்கும் போகும் ரோடும் அதே கணக்கில் சேரும். பாப்பா போகும் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் சொச்சத்தில் ஆபத்து அதிகம் இருப்பது இந்த ரெண்டு துண்டில்தான்.

புறப்படும் ராத்திரி எப்படி இருக்கும் என்று நானே சொல்கிறேன். வெளிநாட்டு விமானங்கள் பல நடுராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில் கிளம்புகிறவை. அதனால் சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு இன்னோவா வாசலில் வந்து நிற்கும். பெட்டிகள் மேலே கேரியரில் ஏறும். வழியனுப்ப அம்மா, அப்பா, உங்கள் தம்பி, ஒரு சித்தி, சித்தியின் பிள்ளை என்று, உங்கள் இருவரோடு சேர்த்து ஏழு பேர் ஏறுவார்கள். முன் சீட்டில் தாத்தா. இனி எப்போது பார்ப்போமோ என்று பாப்பா தாத்தா மடியில். சூளகிரி தாண்டும்போது இருட்டிவிடும். ஓசூர் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் லேன்களை அடைத்துக்கொண்டு போகும், சிலது பின் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும். அத்திப்பள்ளி டோல் தாண்டினால் பெங்களூர் நெரிசல், ஹெப்பாளில் இன்னொரு நெரிசல், கவுண்டர் மூடிவிடுமோ என்ற பதற்றத்தில் அதற்கப்புறம் வண்டி பறக்கும். தர்மபுரியிலிருந்து வருகிறவர்களுக்கு இதோடு இன்னும் கொஞ்சம் தூரம் சேரும்.

மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வதன் பலம் என்ன என்று ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதன் மேலோ மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் பாப்பா தன் எடையைப் போல் 14 மடங்கு விசையோடு முன்னால் போவாள். பத்தரை கிலோ பிள்ளை 147 கிலோ ஆகிவிடுகிறாள். 25 கிலோ அரிசி சிப்பம் ஆறு. ஆறு சிப்பத்தை ஒரே நேரத்தில் கையில் பிடிக்கிற தாத்தா நம்ம ஊரில் இருந்தால் சொல்லுங்கள். இது 50-ல். நம்ம ஹைவேயில் யார் 50-ல் போகிறார்கள்? பெரியவர் பெல்ட் போடாமல் இருந்தால் இன்னும் மோசம், அவர் எடையும் சேர்ந்து பிள்ளையைத்தான் டேஷ்போர்டில் அழுத்தும். பெரியவரையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போடுகிறவர்களும் உண்டு. அதிலும் இதே கதைதான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம். யாரும் நிறுத்திக் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

ஆக, உங்கள் கணவர் (இனி அவரைத் தம்பி என்றே சொல்கிறேன்) டல்லாஸிலிருந்து கொண்டுவரும் சீட் முதலில் வேலை செய்ய வேண்டியது காவேரிப்பட்டணம் வீட்டு வாசலில். அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அட்டைப்பெட்டியில் பத்திரமாக வந்த சீட், அதே அட்டைப்பெட்டியோடு கேரியரில் ஏறித் திரும்பப் போகும். பிள்ளை மடியில் போகும். கேட்டால், "அது அமெரிக்காவுக்குங்க" என்பார்கள்.

அதைக் கட்டுவதில் நம்ம ஊர்ச் சிக்கல் ரெண்டு. ஒன்று, டிராவல்ஸ் வண்டிகளில் பின் சீட் பெல்ட்டின் பக்கிள் கண்ணில் படாது. ரெக்சின் சீட் கவர் போட்டு, அதன் மேல் பூப்போட்ட டவலும் விரித்து, பக்கிளை உள்ளே தள்ளிவிட்டிருப்பார்கள். புறப்படுகிற நேரத்தில் டார்ச் அடித்துத் தேடினால் கவரைக் கிழிக்கத்தான் வேண்டியிருக்கும். முதல் நாளே டிரைவரிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. அமெரிக்கக் கார்களில் பின் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும், மறுபடி தளராது. குழந்தை இருக்கையை இறுக்கிக் கட்ட அந்தப் பூட்டு வேண்டும். இங்கே ஓடுகிற பல வண்டிகளில் அது கிடையாது. பெல்ட் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும், பிரேக் அடித்தால் மட்டும் பிடிக்கும். அதனால் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் சீட்டிலேயே சேர்ந்து இருக்கிற மாதிரியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அல்லது ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள வண்டியைப் பிடியுங்கள். சீட் குஷனும் முதுகும் சேரும் இடுக்கில் கைவிட்டால் இரும்புக் கம்பி ஒன்று தட்டுப்படும், அதுதான். கட்டி முடித்தபின் பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். ஒரு அங்குலத்துக்கு மேல் அசைந்தால் கட்டியதாகக் கணக்கில்லை.

பாப்பா வண்டியில் பின்பக்கம் பார்த்தே உட்காரட்டும். 20 மாதம்தான் ஆகிறது, உடம்புக்குத் தலைதான் கனம், கழுத்து இன்னும் கெட்டிப்படவில்லை. முன்னால் மோதினால் முதுகு முழுக்க விசையை வாங்கிக்கொள்ளும். அந்த சீட் அனுமதிக்கும் எடை, உயரம் வரைக்கும் பின்பக்கம் பார்த்தே வைக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். கால் மடங்குகிறதே என்று பாட்டிமார்கள் வருத்தப்படுவார்கள். பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும், அதற்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

சரி, விமானத்துக்கு வருவோம்.

ரெண்டு வயது வரைக்கும் பிள்ளை மடியில் வரலாம் என்பது இங்கேயும் விதி, அமெரிக்காவிலும் விதி. ஆனால் அனுமதிப்பதும் சிபாரிசு செய்வதும் ஒன்றல்ல. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, மடியில் அனுமதித்துக்கொண்டே, கைகளை நம்பாதீர்கள், அங்கீகாரம் பெற்ற இருக்கையில் வையுங்கள் என்றும் சொல்கிறது. இந்த முரண் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1989 ஜூலை 19 அன்று யுனைடெட் நிறுவனத்தின் 232-ஆம் எண் டிசி-10 விமானம் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்தது. 296 பேர் இருந்தார்கள், 112 பேர் இறந்தார்கள். மடிக்குழந்தைகள் நான்கு பேர். அன்றைய வழிமுறைப்படி, பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் தரையில் வையுங்கள் என்று பெற்றோருக்குச் சொன்னவர் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன். அதில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. பிழைத்து வெளியே வந்த ஜேன் பிரவுன், மடிக்குழந்தைக்கும் இருக்கை கட்டாயம் வேண்டும் என்று அதற்கப்புறம் பல வருடம் பேசிக்கொண்டே இருந்தார். அந்நாட்டு விபத்து விசாரணை வாரியமும் 1990-லிருந்து அதையே கேட்டது. எஃப்ஏஏ கட்டாயமாக்கவில்லை. 2005-ல் அவர்கள் சொன்ன காரணம் யோசிக்க வேண்டியது: பிள்ளைக்கும் டிக்கெட் என்றால் செலவுக்குப் பயந்து பல குடும்பங்கள் காரில் போய்விடும், விமானத்தைவிட ரோட்டில்தான் சாவு அதிகம், ஆகவே கட்டாயமாக்கினால் சாகிற பிள்ளைகள் கூடும்.

அவர்கள் ஊருக்கு இது நியாயமான கணக்குதான். உங்கள் விஷயத்தில் பொருந்தாது. காசு மிச்சம் பிடிக்க காவேரிப்பட்டணத்திலிருந்து டல்லாஸுக்கு யாரும் காரில் போகப் போவதில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கிற விஷயம், ரோடுதான் பெரிய எதிரி என்பது, நமக்கும் அப்படியே பொருந்தும். நான் மேலே அவ்வளவு நேரம் இன்னோவாவிலேயே நின்றதற்குக் காரணம் அதுதான்.

விமானம் விழுவதை நினைத்துப் பயப்பட வேண்டாம், அது அரிது. உண்மையில் நடப்பது குலுங்கல். பெல்ட் போடாதவர்கள் தலை கூரையில் இடிக்கிற அளவுக்கு, முன்னறிவிப்பே இல்லாமல் வரும். எப்போதாவது எதிர்பாராததும் நடக்கும். 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லாண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில், நடுவானில் பக்கச் சுவரில் கதவளவுக்கு ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போனது. அந்த விமானத்தில் மூன்று மடிக்குழந்தைகள் இருந்தார்கள். ஓட்டையை ஒட்டிய சீட் காலியாக இருந்தது, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அந்த சீட்டில் ஒரு தாய் பிள்ளையோடு இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஏறி உட்காரும்போது லேப்டாப்பை உள்ளே வை, கைப்பையை சீட்டுக்கு அடியில் தள்ளு என்று எல்லாவற்றையும் கட்டிப்போடச் சொல்வார்கள். பத்தரை கிலோ பிள்ளை மட்டும் கையில். நம்ம நாட்டு விமானங்களிலும் ஐரோப்பிய விமானங்களிலும் தாயின் பெல்ட்டில் கோத்துப் போடுகிற ஒரு சின்ன பெல்ட் கொடுப்பார்கள். பிள்ளை பறக்காது, உண்மைதான். ஆனால் மோதல் என்று வந்தால் தாயின் உடம்பு மடங்கி விழுவது பிள்ளையின் வயிற்றின் மேல். அதனால் அமெரிக்க நிறுவனங்களில் அந்த பெல்ட்டையே அனுமதிப்பதில்லை. முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டில், எங்கள் பாஷையில் பேசினெட், அது தூங்க வைக்க மட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் கிடையாது, பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற பிள்ளையை எழுப்பி எடுக்க வேண்டும். 20 மாதப் பிள்ளைக்கு அது பத்தவும் பத்தாது.

இப்போது காசு. மடிக்குழந்தைக்கு வெளிநாட்டு டிக்கெட்டில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்குவார்கள். தனி சீட் என்றால் முக்கால் பங்கிலிருந்து முழுக் கட்டணம் வரைக்கும் போகும். வித்தியாசம் சாதாரணம் இல்லை, எனக்குத் தெரியும். கையில் கஷ்டம் என்றால் கடன் வாங்கிப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ரோட்டுக்குக் கார் சீட், விமானத்தில் மடி என்று போனாலும் பாதிக்கு மேல் ஆபத்தைக் குறைத்துவிட்டீர்கள். முடியும் என்றால் போடுங்கள். பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு நாள் முழுக்க நீளும் பயணத்தில் உங்கள் ரெண்டு கையும் காலியாக இருக்கும், அதற்கே காசு தகும். சாப்பாட்டுத் தட்டை எதிரில் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கையில் பிடித்திருக்கிறவர்களைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பொங்கலுக்கு ஊர் வருவதாக இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள்: ரெண்டு வயது நிறைந்த நாளிலிருந்து தனி சீட் கட்டாயம். போகும்போது மடி, வரும்போது சீட் என்று ஒரே பயணத்தில் மாறினவர்கள் உண்டு.

டிக்கெட் போடும்போதுதான் தப்பு அதிகம் நடக்கிறது. இணையத்தில் நீங்களே போட்டால், பிறந்த தேதியைப் பார்த்ததும் அது பிள்ளையைத் தானாக மடிக்கணக்கில் தள்ளிவிடும். எங்கள் தொழிலில் மடிக்குழந்தை ஐஎன்எஃப், சீட்டோடு வரும் கைக்குழந்தை ஐஎன்எஸ். அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதனால் நிறுவனத்துக்கு போன் செய்தோ ஏஜென்ட் மூலமோ போடுங்கள். மூன்று பேரும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்க வேண்டும். 12 வயது வரைக்கும் உள்ள பிள்ளைக்கு அதே பிஎன்ஆரில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது சீட் கொடுக்கவேண்டும் என்று நம்ம நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. தனித்தனி பிஎன்ஆர் என்றால் அந்தப் பிடி போய்விடும்.

அப்புறம், கார் சீட் கொண்டுவருகிறோம் என்பதை முன்னாலேயே எழுதிக் கேட்டு, வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது என் மகள் விஷயத்தில் பட்டது. அவளுக்கு அப்போது ஒன்றரை வயது, சீட்டுக்கு முழுக்காசு கட்டியிருந்தேன். ஏறினதும் ஒரு பணியாளர், "இதெல்லாம் விமானத்தில் போடக்கூடாது, கீழே அனுப்புங்கள்" என்றார். நான் அந்தத் தொழிலிலேயே இருந்தவன், விதி தெரியும், வாதாடினேன். பலிக்கவில்லை. கார் சீட் கீழே போனது, மகள் காலி சீட் பக்கத்தில் என் மடியில். அன்றைக்கு என் கையில் ஒரு தாள் இருந்திருந்தால் கதை வேறு. அமெரிக்க நிறுவனங்களில், சீட்டுக்குக் காசு கட்டியிருந்து அங்கீகார லேபிளும் இருந்தால் அவர்கள் மறுக்கக் கூடாது என்பது விதி. துபாய், தோஹா, பிராங்க்பர்ட் வழியாகப் போகிறவர்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் விதி. சிலர் பின்பக்கம் பார்த்து வைக்க விடமாட்டார்கள், சிலர் முன்பக்கத்துக்கு நிபந்தனை வைப்பார்கள்.

எந்த சீட் வாங்குவது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: மோட்டார் வாகனங்களிலும் விமானங்களிலும் பயன்படுத்தச் சான்று பெற்றது என்ற பொருளில். தம்பி கடையிலேயே அதை போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பட்டும், விமானம் ஏறும் கேட்டில் எடுத்துக் காட்டவும் உதவும். அகலம் 16 அங்குலத்துக்குள் இருந்தால் எகானமி சீட்டில் உட்காரும். எடை குறைந்ததாகப் பாருங்கள். பஞ்சு வைத்த பெரிய சீட்டுகள் பத்து கிலோவுக்கு மேல் போகும், அதைச் சுமந்துகொண்டு இடைவழியில் நடப்பது உங்களால் ஆகாது.

பெங்களூரிலோ ஓசூரிலோ இங்கேயே வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: இங்கே கிடைப்பது ஐரோப்பிய முத்திரையோ நம்ம நாட்டு ஏஐஎஸ்-072 முத்திரையோ உள்ளது. நம்ம ரோட்டுக்கு நன்றாகப் போதும். ஆனால் அமெரிக்கக் காரில் அது செல்லாது, அங்கே அவர்களுடைய தரச் சான்று வேண்டும். டெக்சஸில் எட்டு வயது வரைக்கும், அதற்குள் நாலடி ஒன்பது அங்குலம் உயர்ந்தால் ஒழிய, குழந்தை இருக்கை கட்டாயம். துபாய் போகிறவர்கள் இங்கேயே ஐரோப்பிய முத்திரை உள்ளதாக வாங்கிப் போகலாம், அங்கேயும் நாலு வயது வரைக்கும் கட்டாயம்தான். அண்ணன் பிள்ளை உட்கார்ந்தது, சித்தப்பா வீட்டில் சும்மா கிடக்கிறது என்று டல்லாஸில் யாராவது பழசைத் தள்ளிவிடப் பார்த்தால், அடிப்பக்கம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை விபத்தில் மாட்டினது என்றால் வேண்டவே வேண்டாம்.

பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கும் முதுகு இல்லாத பூஸ்டர் விமானத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஆகாது, அதற்குத் தோள் பெல்ட் வேண்டும், விமானத்தில் இருப்பது இடுப்பு பெல்ட் மட்டும். கேர்ஸ் என்று ஒரு பெல்ட் இருக்கிறது, அரைக் கிலோகூட இருக்காது. விமான சீட் முதுகைச் சுற்றிக் கட்டிப் பிள்ளைக்கு ரெண்டு தோள் பட்டை போடுவது. 10 முதல் 20 கிலோ வரை, ஒரு மீட்டர் உயரம் வரைக்கும் எஃப்ஏஏ அனுமதித்தது. பாப்பா அந்தக் கணக்குக்குள் வருகிறாள். ஆனால் அது காருக்கு உதவாது. என் கணக்கில் காரே முக்கியம் என்பதால், உங்களுக்கு நான் கார் சீட்டையே சொல்கிறேன். மூன்று வயதுக்கு மேல் வளர்ந்தபின், வேறு ஏற்பாடு ரெண்டு ஊரிலும் இருந்தால், கேர்ஸ் சௌகரியம்.

விமானத்துக்குள் கட்டுவது காரைவிட எளிது. ஜன்னல் சீட் கேட்டு வாங்குங்கள், மற்றவர்கள் வெளியே வரும் வழியை சீட் மறிக்கக் கூடாது என்பதால் அங்கேதான் விடுவார்கள். அவசர வழி வரிசையிலும் அதற்கு முன்பின் வரிசையிலும் கூடாது. பெல்ட் தடியாக, உள்ளே எதோ திணித்த மாதிரி இருந்தால் அதில் காற்றுப்பை இருக்கிறது என்று அர்த்தம், அங்கேயும் கூடாது. முன்வரிசைகளில் அப்படி இருக்கும். முதலில் தம்பி ஏறட்டும். கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு, கார் சீட்டை வைத்து, முன்பக்கம் பார்ப்பதற்கு ஒரு வழி, பின்பக்கம் பார்ப்பதற்கு ஒரு வழி என்று அதில் இருக்கும் துவாரங்களில் சரியானதைப் பார்த்து பெல்ட்டை நுழைக்க வேண்டும். பக்கிளைப் போடும்போது ஒரு சூட்சுமம். விமான பெல்ட் பக்கிளின் மூடியைத் தூக்கித் திறப்பது. அது கார் சீட்டின் பிளாஸ்டிக்கில் முட்டிக்கொண்டால் மூடி தூக்க வராது, இறங்கும்போது பிள்ளை அழ, பின்னால் வரிசை நிற்க, வேர்த்துக் கொட்டும். போடும்போதே பக்கிளை அரைச் சுற்று திருப்பி, மூடி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி போடுங்கள். அப்புறம் ஒரு முழங்காலைக் கார் சீட்டுக்குள் ஊன்றி முழு எடையையும் கொடுத்து, பெல்ட் வாலை இழுத்து இறுக்குங்கள். கம்பியால் மூட்டை கட்டுகிற மாதிரிதான். பின்பக்கம் பார்த்து வைத்தால் முன்சீட்டுக்காரர் சாய முடியாமல் சண்டைக்கு வருவார். அந்த முன்சீட்டைத் தம்பிக்கே போட்டுவிட்டால் சண்டை குடும்பத்துக்குள் முடிந்துவிடும்.

தனி சீட் போடவில்லை என்றால் கார் சீட்டைப் பெட்டிகளோடு போடலாம், பிள்ளை சாமான் என்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் காசு வாங்குவதில்லை. ஆனால் நான் கவுண்டரில் இருந்த காலத்தில், பிளாஸ்டிக் ஓடு விரிசல் விட்டு, பெட்டிகள் வரும் பெல்ட்டில் வந்த கார் சீட்டுகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். விரிசல் விட்டது தெரிந்தால் பரவாயில்லை, புதிது வாங்கிவிடலாம். துணிக்குள் தெரியாமல் விட்ட விரிசல்தான் பயம். அதனால் கேட் வரைக்கும் கையிலேயே கொண்டுபோய் அங்கே கொடுங்கள், குறைந்த கைகள்தான் தொடும். மடியில் வைத்துப் போகும்போது உங்கள் சீட்டைக் கடைசி நேரத்தில் மாற்றினால் கோபப்படாதீர்கள். ஒரு வரிசைக்கு ஆக்சிஜன் முகமூடி ஒன்றுதான் கூடுதலாக இருக்கும், ஒரே வரிசையில் ரெண்டு மடிக்குழந்தை வந்துவிட்டால் ஒருவரை நகர்த்தியே ஆகவேண்டும்.

தூளியில் தூங்கிப் பழகின பிள்ளை கார் சீட்டில் தூங்குமா என்று உங்கள் அம்மா கேட்டிருப்பார். முதல் நாளே தூங்காது. தம்பி வந்ததும் சீட்டைத் திண்ணையில் வைத்து, தினமும் அதில் உட்கார வைத்துச் சோறு ஊட்டுங்கள், கதை சொல்லுங்கள். பத்து நாளில் அது பாப்பாவின் நாற்காலி ஆகிவிடும், வேறு யாராவது தொட்டால் சண்டைக்கு வருவாள். அதற்காகவாவது தம்பி புறப்படுவதற்கு ரெண்டு நாள் முன்னால் வராமல் ரெண்டு வாரம் முன்னால் வந்தால் நல்லது. பட்டைகளை இறுக்கிய பின், தோள் பக்கம் பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு கையில் வரக்கூடாது. நெஞ்சில் இருக்கும் கிளிப் அக்குள் உயரத்துக்கு. ஏசி குளிருக்கென்று பாட்டி போட்டுவிடும் தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பட்டையைப் போட்டு, அப்புறம் மேலே போர்த்துங்கள். ஸ்வெட்டர் அமுங்கினால் பட்டை தொளதொளத்துவிடும். காது வலிக்கு, விமானம் இறங்கத் தொடங்கும்போது எதையாவது குடிக்கக் கொடுங்கள், போதும்.

இனி அப்பா விஷயம். அவரிடம் சட்டம், சான்று என்று பேசாதீர்கள், அரிசிச் சிப்பக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். நிஜமான தகராறு வேறு இடத்தில் வரும். கார் சீட் வைத்தால் வண்டியில் ஒரு ஆள் இடம் போகும். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து அட்ஜஸ்ட் செய்ய முடியாது என்பதால் எல்லாரும் பெல்ட் போட்டு உட்கார எத்தனை இடம் உண்டோ அத்தனை பேர்தான். யாராவது ஒருவர் வீட்டிலேயே வழியனுப்ப வேண்டியிருக்கும். தேவனஹள்ளியில் கேட்டுக்கு உள்ளே எப்படியும் யாரையும் விடமாட்டார்கள் என்பதை ஞாபகப்படுத்தி, சித்தியிடம் இப்போதிருந்தே பக்குவமாகப் பேசி வையுங்கள். தாத்தாவுக்கு முன் சீட் வேண்டாம், பின்னால் பாப்பாவுக்குப் பக்கத்து சீட்டைக் கொடுங்கள். பின்பக்கம் பார்த்து உட்காரும் பிள்ளைக்கு வழியெல்லாம் தெரியப்போவது பக்கத்தில் இருக்கிறவர் முகம்தான்.